பக்கத்துல இருந்தா உறவா? ஒரு ட்யூமர் திசு ப்ராஜெக்ட்டோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெருங்குடல் கேன்சர் ஆபரேஷன்ல எடுத்த திசுக்கள வச்சு நடந்த ப்ராஜெக்ட் இது. யாரு, எந்த இடம்ங்கிறது இங்க முக்கியமில்ல, அதனால ஆட்கள அவங்க பார்த்த வேலைய வச்சே சொல்றேன். ஒரு ரிசர்ச் மாணவி, ஒரு பேத்தாலஜிஸ்ட், ப்ராஜெக்ட்ட நடத்துற தலைவர், அப்புறம் பாதியில ரெண்டாவது அனலிஸ்ட்டா உள்ள வந்த நான்.

கேள்வி கேட்க சிம்பிள்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் கேன்சர் திரும்பி வந்தவங்க, வராதவங்க, இந்த ரெண்டு குரூப்போட ட்யூமர்லயும் சிடி8 டி செல்லும் (கேன்சர் செல்ல கொல்லக்கூடிய இம்யூன் செல்) சிடி68 மேக்ரோஃபேஜும் (குப்பைய முழுங்குற பெரிய இம்யூன் செல்) உக்காந்திருக்குற விதத்துல வித்தியாசம் இருக்கா? எத்தனை செல் இருக்குன்னு எண்ணுறது ரொம்ப பழைய வேலை, எது எதுக்குப் பக்கத்துல இருக்குங்கிறதுதான் இவங்க தேடினது.

ஒவ்வொரு நோயாளியோட பாரஃபின் ப்ளாக்ல இருந்தும் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன வட்டத் துண்டுகள் சிலத எடுத்து, எல்லாத்தையும் ஒரே ப்ளாக்ல வரிசையா பதிச்சு, 4 மைக்ரான் தடிமன்ல சீவி, ஒவ்வொரு வகை செல்லையும் ஒளிர வைக்கிற ஃப்ளூரசன்ஸ் ஆன்டிபாடியும் சாயமும் போட்டாங்க. நியூக்ளியஸுக்கு டேப்பிங்கிற சாயம், ட்யூமர் எபிதீலியத்துக்கு (கேன்சர் செல்லுங்க இருக்குற அடுக்கு) சைட்டோகெரட்டின், இம்யூன் செல்லுக்கு சிடி8, சிடி68, சிடி20 (பி செல்), ஃபாக்ஸ்பி3 (மத்த இம்யூன் செல்ல அடக்குற டி செல்). ஸ்கேன் ஆன படத்துல ஒரு பிக்ஸல் அரை மைக்ரான். க்யூபாத்ங்கிற படம் அலசுற சாஃப்ட்வேருக்குள்ள ஸ்டார்டிஸ்ட்ங்கிற மாடல் ஓட்டி நியூக்ளியஸ பிரிச்சு, சுத்தி 5 மைக்ரான் விரிச்சு அத ஒரு செல்லுன்னு வச்சுக்கிட்டு, அதுக்குள்ள எந்த மார்க்கர் ஒளிருதோ அந்தப் பேர அந்த செல்லுக்குக் கொடுத்தாங்க.

இவ்வளவும் முடிஞ்சா கடைசியில கையில நிக்கிறது ஒரு டேபிள்தான், எக்ஸ், ஒய், செல் வகை. திசு அங்கேயே காணாம போயிடுது, மிச்சம் வெறும் புள்ளிகள். பின்னாடி வந்த சிக்கல் முக்கால்வாசி இந்த இடத்துல பொறந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

முதல் ரிசல்ட்

மாணவி எடுத்தது ரிப்ளியோட கே ஃபங்ஷன், ரெண்டு வகை செல்லுக்கு நடுவுல பார்க்குற வடிவம். 1970-கள்ல ப்ரையன் ரிப்ளி கொண்டு வந்தது, காட்டுல மரங்கள் பரவி நிக்கிற விதத்தப் பார்க்கறவங்க ரொம்ப காலமா உபயோகிக்கிறாங்க. ஒரு சிடி68 செல்லுல நின்னு ஆர் மைக்ரான் தூரத்துக்குள்ள எத்தனை சிடி8 வருதுன்னு எண்ணி, சும்மா தூவி விட்டா எத்தனை வரும்ங்கிறதோட ஒப்பிடுறது, அவ்வளவுதான் விஷயம். அந்த கே மதிப்ப பை (3.14) ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா எல் ஃபங்ஷன். தூவி விட்ட புள்ளின்னா எல் மதிப்பு தூரத்துக்கு சமமா வரும், அதுக்கு மேல போனா சேர்ந்து இருக்கு, கீழ போனா விலகி இருக்கு.

கிராஃப் கிட்டத்தட்ட எல்லா துண்டுலயும் கோட்டுக்கு நல்லா மேல போச்சு, கேன்சர் திரும்பி வந்த குரூப்ல இன்னும் மேல. பி வேல்யூ, அதாவது நிஜத்துல வித்தியாசமே இல்லைன்னா தற்செயலா இப்படி வர்ற வாய்ப்பு, நம்ப முடியாத அளவுக்கு சின்னது. தலைவர் ரொம்ப சந்தோஷமாகி ட்ராஃப்ட் எழுத ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு, மேக்ரோஃபேஜ் டி செல்ல ஸ்ட்ரோமாவுலயே (கேன்சர் செல்லுங்களுக்கு நடுவுல இருக்குற தாங்கு திசு) பிடிச்சு வச்சுக்கிட்டு ட்யூமருக்குள்ள போக விடாம பண்ணுதுன்னு ஒரு மெக்கானிசமும் அதுல வந்து உக்காந்துடுச்சு. கதை அழகாத்தான் இருந்துச்சு, அந்த மாதிரி நடக்க வாய்ப்பே இல்லைன்னும் சொல்ல முடியாது.

உறுத்தின விஷயங்கள்

அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் கம்ப்யூட்டர் கோட ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டும்னு என்ன கூப்பிட்டாங்க. கோட்ல தப்புன்னு சொல்ல எதுவும் இல்ல. ஆனா அவங்க ட்ராஃப்ட்ல போடாத ஜோடிகளையும் நான் ஓட்டினேன், சிடி20க்கும் சிடி68க்கும், சிடி8க்கும் ஃபாக்ஸ்பி3க்கும், இப்படி. எல்லாமே சேர்ந்து இருக்குன்னு வந்துச்சு. எல்லாமே எல்லாத்தோடயும் சேர்ந்து இருக்குன்னு ஒரு அளவுகோல் சொன்னா, செல்ல விட்டுட்டு அளவுகோலத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

ரெண்டாவது, ரொம்ப கிட்ட தூரத்துல, 3-4 மைக்ரான்ல, சிடி8-சிடி68 ஜோடி எக்கச்சக்கமா இருந்துச்சு. ஒரு லிம்ஃபோசைட்டோட (டி செல் இந்த வகைதான்) விட்டமே 7ல இருந்து 10 மைக்ரான், மேக்ரோஃபேஜ் அதவிடப் பெருசு. ரெண்டு முழு செல்லோட மையங்கள் 3 மைக்ரான் தூரத்துல இருக்கணும்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் இருக்கணும். 4 மைக்ரான் சீவல்ல அப்படி சிலது விழும், இத்தனை விழாது.

மூணாவது விஷயத்தப் பிடிச்சது பேத்தாலஜிஸ்ட். மாணவி புள்ளி கிராஃப மட்டும் ஸ்க்ரீன்ல காட்டிக்கிட்டு இருந்தப்போ, “இதோட படத்தக் காட்டும்மா”ன்னு கேட்டாங்க. படம் வந்ததும், “இந்தப் பெரிய வெத்திடம் என்னன்னு தெரியுதா? இது நெக்ரோசிஸ், செல் செத்துப்போன இடம். அந்தப் பக்கம் சுரப்பியோட உள் ஓட்டை. இங்க டி செல் எப்படி வந்து உக்காரும்?”

“மேடம், அத நான் தனியா எடுக்கல, துண்டச் சுத்தி ஒரு சதுரம் போட்டேன், சாஃப்ட்வேர் கேட்டது அதத்தான்.”

மாணவி சொன்னது உண்மைதான். பெரும்பாலான டூல் ஒரு எல்லை கேக்கும், ஒண்ணும் தரலைன்னா புள்ளிகளோட நாலு ஓரத்த வச்சு தானே ஒரு செவ்வகம் போட்டுக்கும், எர்ரர்னு ஒரு வரி கூட வராது.

அந்த செவ்வகம் என்ன பண்ணும்னு கணக்கா சொல்லிடறேன், ஏன்னா இத நிறைய பேர் சின்ன விஷயமா நினைக்கிறாங்க. கே கணக்குல எல்லையோட பரப்பளவு நேரடியா பெருக்கல்ல வரும். வட்டமான துண்டச் சுத்தி சதுரம் போட்டாலே சதுரத்துல 21 சதவீதம் காலி, அதுக்கே கே மதிப்பு 1.27 மடங்கு ஆகிடும். பாதி இடம் செத்த திசுவும் ஓட்டையுமா இருந்துட்டா கே ரெண்டு மடங்கு, அதாவது 20 மைக்ரான்ல 20ன்னு வர வேண்டிய எல் 28ன்னு வரும். இதுல எந்த பயாலஜியும் இல்ல, செல்லுங்க தங்களுக்குக் கிடைச்ச இடத்துல சும்மா தூவி விட்ட மாதிரிதான் இருக்கு.

ஓட்டைய வெட்டி எடுத்துட்டாலும் கதை முடியாது. சிடி8ம் சிடி68ம் ரெண்டுமே பெரும்பாலும் ஸ்ட்ரோமாவுலதான் இருக்கும், எபிதீலியத்துக்குள்ள கம்மி. ஸ்ட்ரோமா திசுவுல மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க, ரெண்டு வகையும் அதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாம கிடந்தாக்கூட, முழு திசுவோட ஒப்பிட்டா கே மூணு மடங்குன்னு காட்டும். நெரிசலான பஸ்ல ரெண்டு பேர் ஒட்டி நிக்கிறத வச்சு அவங்க சொந்தக்காரங்கன்னு சொல்ற மாதிரி.

இதுல குரூப் வித்தியாசம் எங்கேருந்து வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். திரும்பி வந்த குரூப்போட துண்டுகள்ல நெக்ரோசிஸ் கண்ணுக்கே தெரியிற அளவுக்கு அதிகம், ஸ்ட்ரோமா ஒல்லி ஒல்லியான பட்டையா இருந்துச்சு. அதனால அந்த குரூப்ல எந்த ரெண்டு இம்யூன் செல்ல எடுத்தாலும் எல் மேல போகும். ட்ராஃப்ட்ல மேக்ரோஃபேஜ் பிடிச்சு வச்சிருக்குன்னு எழுதியிருந்தது, பாதிக்கு மேல, செத்த திசுவோட பரப்பளவு வேற பேர்ல வந்ததுதான்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல்ல ட்ராஃப்ட்ட நிறுத்தணும்னு பேச்சு வந்துச்சு. தலைவருக்கு இஷ்டமில்ல, ரிவ்யூவர் கேட்டா அப்ப பார்த்துக்கலாம்னாரு. ரிவ்யூவர் கையில படம் இருக்காது, நம்ம கொடுக்குற கிராஃப் மட்டும்தான் இருக்கும், அவர் எப்படிக் கண்டுபிடிப்பாருன்னு பேத்தாலஜிஸ்ட் கேட்டதுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டாரு.

எல்லைய புதுசா வரையிறதுக்கு ரெண்டு வழி, முழுக்க கையால வரையிறது இல்ல ஒவ்வொரு பிக்ஸலும் எந்த திசுன்னு கம்ப்யூட்டரே சொல்ற பிக்ஸல் க்ளாசிஃபையர். கையால வரைஞ்சா நம்பகம் அதிகம் ஆனா இத்தனை துண்டுக்கு நடக்குற காரியம் இல்ல, க்ளாசிஃபையர் வேகம் ஆனா நெக்ரோசிஸுக்குள்ள கிடக்குற சைட்டோகெரட்டின் குப்பைய ட்யூமர்னு சொல்லிடும். அதனால க்ளாசிஃபையர ஓட்டி, எபிதீலியம், ஸ்ட்ரோமா, நெக்ரோசிஸும் ஓட்டையும், மடிஞ்சு போன இடம்னு பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் பேத்தாலஜிஸ்ட் திருத்துறதுன்னு வச்சோம். எந்தத் துண்டு எந்த குரூப்புங்கிறத அவங்களுக்கு மறைச்சுத்தான் கொடுத்தோம், ஏன்னா எல்லைக் கோடு ரிசல்ட்ட எவ்வளவு ஆட்டும்னு எல்லாரும் பார்த்தாச்சு, தெரிஞ்சுக்கிட்டே வரைஞ்சா கை தானா ஒரு பக்கம் சாயும்.

அடுத்து செக்மென்டேஷன், அதாவது படத்துல செல்லுகள தனித்தனியா பிரிக்கிறது. முன்னாடியே செக் பண்ணியிருந்தாங்க, ஸ்கோரும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா செக்குக்கு எடுத்த இடங்கள் எல்லாம் செல் தள்ளித் தள்ளி இருக்குற தெளிவான இடங்கள். லிம்ஃபோசைட் அடர்ந்து கிடக்குற இடங்கள்ல கையால குறிச்சு ஒப்பிட்டப்போ ரெண்டு விதமான தப்பு தெரிஞ்சுது. மேக்ரோஃபேஜோட வளைஞ்ச நியூக்ளியஸ மாடல் சில சமயம் ரெண்டா வெட்டுது. அப்புறம் அந்த 5 மைக்ரான் விரிப்பு பக்கத்து செல்லோட மெம்ப்ரேன் ஒளிய இழுத்துக்குது, அதனால ஒரு மேக்ரோஃபேஜ் சிடி8ம் சிடி68ம் ரெண்டும் பாசிட்டிவ்னு வந்து ரெண்டு லிஸ்ட்லயும் எண்ணப்படுது. ஒரே செல் தனக்குத் தானே பக்கத்து வீடு. 3 மைக்ரான் மேட்டுக்குக் காரணம் இந்த ரெண்டு தப்பும்தான்.

விரிப்ப 2 மைக்ரான் ஆக்கினோம். அப்பவும் ரெட்டை பாசிட்டிவா வந்த செல்லுகள எந்த வகைன்னும் திணிக்காம சந்தேகம்னு தனி வகையில போட்டோம். இதுக்கு ஒரு விலை இருக்கு, நிஜமாவே ஒட்டிக்கிட்டு இருக்குற சில ஜோடிய இழப்போம், அதாவது நாம தேடுற சிக்னலையே கொஞ்சம் கொறைக்கிறோம். அத தெரிஞ்சேதான் பண்ணோம், சந்தேக வகைய சேர்த்து ஒருதரம் விட்டு ஒருதரம் ஓட்டி ரெண்டையும் எழுதறதுன்னு முடிவு.

எதோட ஒப்பிடுறதுங்கிறதுலதான் ரொம்ப நேரம் போச்சு, இங்கதான் அதிகம் வாக்குவாதமும். ஸ்ட்ரோமாவுக்குள்ள மட்டும் செல் இடத்த அப்படியே வச்சுட்டு பேர மட்டும் கலைச்சுப் போடுறதுன்னு ஒத்துக்கிட்டோம், இப்படி பண்ணா ஓட்டை, மடிப்பு, அடர்த்தி எல்லாம் தானா கணக்குல வந்துடும். ஆனா யாரோட பேர கலைக்கிறது? ஃபைப்ரோப்ளாஸ்ட், ரத்தக்குழாய் செல் உட்பட ஸ்ட்ரோமாவுல இருக்குற எல்லா நியூக்ளியஸோடயும் கலைச்சா, கேக்குற கேள்வி “இம்யூன் செல்லுங்க சேர்ந்து இருக்கா?”. இம்யூன் செல்லுங்களுக்குள்ள மட்டும் கலைச்சா கேள்வி “அந்தக் கூட்டத்துக்குள்ள சிடி8 குறிப்பா சிடி68 பக்கம் போகுதா?”. ட்ராஃப்ட்ல எழுதியிருந்த மெக்கானிசம் ரெண்டாவது கேள்விக்கான பதில், ஓட்டினதோ முதல் கேள்விக்குக் கூட சரியா பொருந்தாத ஒண்ணு. ரெண்டையும் ஓட்டறதுன்னு வச்சோம், மெயின் ரிசல்ட் ரெண்டாவதுதான்.

இன்ஹோமோஜீனியஸ் கே, அதாவது அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுறத கழிச்சுட்டுப் பார்க்குற வடிவமும் ஒரு வழி, 2000-ல பேட்லி, மொல்லர், வாகெபீட்டர்சன் மூணு பேரும் வெளியிட்டது, ஆர் லாங்குவேஜ்ல ஸ்பேட்ஸ்டாட் பேக்கேஜ்ல இருக்கு. ஆனா அடர்த்திய எவ்வளவு மழுப்பி எடுக்கணும்னு நாமதான் சொல்லணும், ரொம்ப குறுகலா வச்சா செல் கூட்டத்தையே அடர்த்தின்னு எடுத்து கழிச்சுப் போட்டுடும், அகலமா வச்சா ஒண்ணும் கழியாது. 1 மில்லிமீட்டர் துண்டுல நடுவுல ஒரு நல்ல அளவு கிடைக்கல, அதனால துணைக்கு மட்டும்.

தூரத்த முன்னாடியே 30 மைக்ரான்னு எழுதி வச்சோம், ரெண்டு செல்லும் தொட்டுக்கிட்டோ நடுவுல ஒரு செல் விட்டோ இருக்குற தூரம். காரணம், முதல் ட்ராஃப்ட்ல கம்ப்யூட்டர்ல தூவிப் பார்த்த 39 சிமுலேஷனோட உச்சமும் கீழும் வச்சு ஒரு பட்டை போட்டு, கோடு பட்டைய தாண்டுற எந்த தூரத்தையும் சிக்னிஃபிகன்ட்னு சொல்லியிருந்தாங்க. அந்தப் பட்டை 5 சதவீதம்ங்கிறது ஒரே ஒரு தூரத்துக்குத்தான், முழு கோட்டையும் கண்ணால தேடிப் பார்த்தா எங்கேயாவது ஒரு இடத்துல தாண்டுற வாய்ப்பு அதவிட நிறைய.

கடைசியா பி வேல்யூ. செல் ஒவ்வொண்ணும் ஒரு சாம்பிள்னு எண்ணினதாலதான் அது அவ்வளவு சின்னதா வந்துச்சு. ஒரே துண்டுல இருக்குற ஆயிரக்கணக்கான செல்லும் ஒரே ஆளோடது, ஒரே சாயம், ஒரே சீவல். குரூப்ப ஒப்பிடணும்னா நோயாளிதான் எண்ணிக்கை. ஒரு நோயாளியோட துண்டுகள செல் எண்ணிக்கைக்கு ஏத்த எடை போட்டு ஒரே மதிப்பா ஆக்கினோம், சிடி8 ரொம்ப கம்மியா இருக்குற துண்டுகள விட்டுட்டோம், எத்தனைக்குக் கீழ விடுறதுன்னு குரூப் விவரத்த திறக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சாச்சு.

அப்புறம் என்ன ஆச்சு

ஸ்ட்ரோமாவோட எல்லா நியூக்ளியஸோடயும் கலைச்சப்போ சிடி8-சிடி68 சேர்க்கை பெரும்பாலான துண்டுல நின்னுச்சு. இம்யூன் செல்லுகளுக்குள்ள மட்டும் கலைச்சப்போ அது ரொம்ப மெல்லிசாகி, நிறைய துண்டுல பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு. இம்யூன் செல்லுங்க கூட்டமா இருக்கு, அந்தக் கூட்டத்துல இந்த ரெண்டுக்கும் தனி ஈர்ப்பு இருக்குன்னு இந்த டேட்டாவ வச்சு சொல்ல முடியல. குரூப் வித்தியாசம் போயிடுச்சு. சந்தேக வகைய சேர்த்து ஓட்டினாலும் அதே முடிவு.

மாணவிக்கு இது லேசான விஷயம் இல்ல, தீசிஸ்ல ஒரு முழு சாப்டர் இத நம்பித்தான் இருந்துச்சு. ஆனா எல்லைய வரைஞ்சதுல இருந்து ஒண்ணு கையில கிடைச்சுது. எபிதீலியம், ஸ்ட்ரோமான்னு பிரிச்சு வச்சதால, சிடி8ல எவ்வளவு பங்கு எபிதீலியத்துக்குள்ள போயிருக்குன்னு நேரா எண்ண முடிஞ்சுது, அதுல குரூப் வித்தியாசம் இருந்துச்சு, திரும்பி வராதவங்கள்ல உள்ள போன பங்கு அதிகம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. பெருங்குடல் கேன்சர்ல இம்யூன் செல்லோட வகை, அடர்த்தி, இருக்குற இடம் மூணும் நோயோட போக்க சொல்லும்னு 2006-லயே கலோன் குழு காட்டியாச்சு, அதுல இருந்து வந்த இம்யூனோஸ்கோர் ட்யூமர் நடுவுலயும் ஓரத்துலயும் சிடி3, சிடி8 அடர்த்திய எண்ணுறதுதான். கிளிஷேன்னு தலைவர் முதல்ல முகம் சுளிச்சாரு. ஆனா பெரிய கிராஃப் எல்லாம் போட்டும் நிக்காத இடத்துல வெறும் எண்ணிக்கை நின்னுச்சுங்கிறது எனக்கு முக்கியமாத்தான் பட்டுச்சு.

அப்புறம் தனியா சேர்த்து வச்சிருந்த இன்னொரு தொகுதி துண்டுகள்ல அதே வரைமுறைய ஒரு எழுத்து மாத்தாம ஓட்டினாங்க. திசை அதேதான், அளவு சின்னது, கான்ஃபிடன்ஸ் இடைவெளி, அதாவது நிஜ மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, அகலம், அத அப்படியே எழுதினாங்க. மேக்ரோஃபேஜ் பிடிச்சு வச்சிருக்குங்கிற வரி பேப்பர்ல இல்ல. பழைய கிராஃபையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, எல்லைய மாத்தினா என்ன ஆகும்னு மாணவி ஒரு முழுப் படம் வச்சாங்க, அந்தப் படத்தத்தான் ரிவ்யூவர் அதிகம் கேள்வி கேட்டாரு, நல்ல கேள்விகள்.

இனிமே மாறப்போறது

எல்லை ஃபைல் இல்லாம எக்ஸ், ஒய் டேபிள யாருக்கும் கொடுக்குறதில்லன்னு அந்த குரூப்ல இப்ப ஒரு வழக்கம் வந்திருக்கு. ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல, ஒரே பேர்ல.

எந்த ஜோடிய ஓட்டினாலும் முதல்ல அதே எல்லைக்குள்ள கம்ப்யூட்டர் தூவின பொய்ப் புள்ளிகள ஓட்டிப் பார்க்கணும். பொய்ப் புள்ளியே சேர்ந்து இருக்குன்னு வந்தா மேல போகக் கூடாது. சில நிமிஷ வேலை.

பக்கத்து செல் தூரத்த சராசரியா சொல்ற கிராஃப அடர்த்தி இல்லாம தனியா போடுறதையும் நிறுத்தியிருக்காங்க. சும்மா தூவின புள்ளிக்கே அந்த சராசரி, அடர்த்தியோட வர்க்கமூலத்த ரெண்டால பெருக்கி ஒண்ணுக்குக் கீழ போட்டா வர்றதுதான். சதுர மில்லிமீட்டருக்கு 100 செல்னா 50 மைக்ரான், 400 செல்னா 25. ரெண்டு குரூப்ல தூரம் பாதியாச்சுன்னு எழுதினா, செல் நாலு மடங்கு ஆச்சுன்னு மட்டும் கூட அர்த்தம் இருக்கலாம்.

இந்த துண்டுகளால பதில் சொல்லவே முடியாத கேள்வியும் இருக்கு. ட்யூமரோட ஓரம், அதாவது அது நல்ல திசுவுக்குள்ள நுழையுற இடம், 1 மில்லிமீட்டர் துண்டுல பெரும்பாலும் வராது, வந்தாலும் ஒரு ஓரமா வரும். 4 மைக்ரான் சீவல்ல அளக்குற தூரமும் தட்டையான தூரம்தான், மேலயோ கீழயோ அடுத்த சீவல்ல ஒட்டி இருக்குற செல் கணக்குல இல்ல. அதனால அடுத்த சுத்துக்கு முழு ஸ்லைடு, சில நோயாளிகளுக்கு மட்டும் அடுத்தடுத்த சீவல்கள்னு திட்டம் போட்டிருக்காங்க. பேத்தாலஜிஸ்ட் வரையிற வேலை பல மடங்கு ஆகும்ங்கிறதால இப்ப பேச்சு முழுக்க அவங்களுக்குத் துணைக்கு இன்னொரு பேத்தாலஜிஸ்ட் கிடைப்பாங்களா, ரெண்டு பேரும் வரைஞ்சா கோடு எவ்வளவு ஒத்துப்போகும்னு முதல்ல எப்படி அளக்குறதுங்கிறதுல நிக்குது.